வீரரும் அவரை அளந்த கோலும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கடல்வாயிலில் இரண்டு கோட்டைகள் உள்ளன. ஒன்று, நீர் நடுவே சிறு திட்டொன்றைச் சூழ எழுந்த கடற்கோட்டை. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் முருகைக் கற்களைக் கொண்டு அதனைக் கட்டினர். 1658ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கைத்தீவு பன்றித் தொடையின் வடிவினது என்றும், இக்கோட்டை அத்தொடையின் குதிப்பகுதியில் நிற்பது என்றும் கருதி, அப்பொருள்படத் தம் மொழியில் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மற்றைக் கோட்டை ஊர்காவற்றுறைக் கரையிற் சிதைந்து கிடப்பது. மக்கள் அதனைப் பூதத்தம்பி கோட்டை என்று வழங்குவர். பூதத்தம்பி அதனைக் கட்டியவனும் அல்லன்; படைகொண்டு வென்றவனும் அல்லன். ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் அரசத் துரோகி எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொலைத்தண்டம் பெற்றவன் அவன் என்று யாழ்ப்பாணத்து மரபு கூறும்.

இவ்வாறு ஒரு கோட்டை வென்றவர் இட்ட பெயரைத் தாங்க, எதிர்க்கரையிலுள்ள கோட்டை தண்டிக்கப்பட்டவன் ஒருவனின் பெயரைத் தாங்குகின்றது. ஆட்சியாளர் துரோகி என எழுதியவனை மக்கள் தம் நினைவில் உயர்த்தி வைத்தனர். ஆயின் வீரன் எனப்படுவான் யார்? அவனை வீரனாக்குவது அவன் செய்த செயலா, அச்செயலை அளக்கும் சமுதாயத்தின் கோலா? இவ்வினாவிற்குப் பல்வேறு மக்களினத்தாரும் பல்வேறு விடைகளை அளித்துள்ளனர். அவ்விடைகள் சிலவற்றை ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கில எழுத்தாளராகிய தாமசு கார்லைல் 1840ஆம் ஆண்டில் இலண்டனில் வீரரைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை அடுத்த ஆண்டில் நூலாக வெளிவந்தன. தெய்வமாகப் போற்றப்பட்டோன், இறைதூதன், கவிஞன், சமயகுரு, எழுத்தாளன், அரசன் என வீரரை ஆறு வகையினராக அவர் பகுத்தார். உலக வரலாறென்பது பெருமக்களின் வரலாறே என்பது அவர் துணிபு. படைக்கலம் ஏந்தாதவரையும் வீரர் வரிசையிற் சேர்த்தது அவர் கொள்கையின் சிறப்பு. பெருமக்களைத் தாங்கி நின்ற எளிய மக்களைக் கணக்கில் எடாமை அதன் குறை.

கார்லைலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தொல்காப்பியர் இப்பொருளை வேறொரு நெறியில் ஆராய்ந்துள்ளார். மெய்ப்பாட்டியலில் வீரவுணர்ச்சியைப் பெருமிதம் என்னும் சொல்லாற் குறித்து, அது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என வகுத்தார். தறுகண் என்பது அஞ்சாமை. போர்க்களத்திற்கு நேரே உரியது அஃது ஒன்றே. கல்வியும் கொடையும் அதனோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டன. கார்லைல் மனிதரை வகைப்படுத்தினார். தொல்காப்பியரோ மனிதருள்ளத்தில் அவ்வுணர்ச்சி எழும் நிலைக்களன்களை வகைப்படுத்தினார். முன்னதில் இடம்பெறுவோர் சிலரே. பின்னது எவர்க்கும் வாயில் திறந்து விடுவது.

எனினும் இலக்கணம் வகுத்த அளவில் ஒரு பண்பாட்டின் உள்ளம் முழுவதும் புலனாகிவிடாது. தன் பக்கத்து நின்று வென்றவனைப் புகழ்தல் எல்லார்க்கும் எளிது; அதனால் ஒரு மக்களினத்தின் தனித்தன்மை விளங்குவதில்லை. தோற்றவனை அவ்வினம் எவ்வாறு நோக்குகின்றது, பகைவனை எவ்வாறு நோக்குகின்றது, பெயரறியாது மாண்டோரை எவ்வாறு நோக்குகின்றது என்னும் மூன்றுமே அதன் வீரக்கொள்கையை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கற்களாம்.

கிரேக்கர் கண்ட வீரம்

கிரேக்கரின் வீரக்கொள்கைக்கு ஊற்றாக விளங்குவது ஓமரின் இலியட்டுக் காப்பியம். அதன் தலைவனாகிய அக்கிலீசின்முன் இருவழிகள் வைக்கப்பட்டிருந்தன. திரோய் நகரப் போரில் நிலைத்து நின்றால் வாழ்நாள் குறுகும், புகழ் அழியாது; நாடு திரும்பினால் வாழ்நாள் நீளும், புகழ் எய்தாது. அவன் முன்னதையே தேர்ந்தான். உயிரைக் கொடுத்துப் புகழைக் கொள்ளும் இவ்வெண்ணம் சங்கச் சான்றோர் பாடல்களைக் கற்றோர்க்குப் புதிதன்று.

ஆயினும் அக்கிலீசு குறையற்றவனாகக் காட்டப்படவில்லை. தன் நண்பனைக் கொன்ற எக்டரைப் பழிதீர்த்தபின், அவன் உடலைத் தேர்க்காலிற் கட்டி இழுத்தான். அச்செயலைத் தேவரும் வெறுத்தனர் என்பது காப்பியம். எக்டரின் தந்தையாகிய முதிய பிரையம் மன்னன் இரவிலே தனியனாய்ப் பகைவன் பாசறையை அடைந்து, தன் மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, மகனின் உடலை இரந்து நின்றான். அப்போது அக்கிலீசு தன் தந்தையை எண்ணி அழுதான். உடலைத் திருப்பிக் கொடுத்ததோடு, ஈமக்கடன் முடியும்வரை போரை நிறுத்தி வைக்கவும் இசைந்தான். திரோய் நகரின் வீழ்ச்சியை இலியட்டு பாடவில்லை. பகைவனாகிய எக்டரின் இறுதிக்கடனோடு அது நிறைவெய்துகின்றது. கிரேக்கப் புலவன் தன் இனத்துப் பகைவனின் ஈமத்தைத் தன் காப்பியத்திற்கு முடிவாக்கினான் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது.

கிரேக்கர் எல்லாரும் ஒரே கருத்தினர் என்று கொள்ளுதலும் பொருந்தாது. ஸ்பார்த்தா நாட்டுத் தாயர், கேடயத்தோடு மீளுதல் அல்லது அதன்மீது பிணமாகக் கொணரப்படுதல் என்னும் இரண்டையன்றி வேறொன்றைத் தம் மைந்தரிடம் வேண்டார் எனப் புளுட்டாக்கு எழுதிவைத்தார். புறமுதுகு காட்டினான் எனத் தன் மகனைப் பற்றிக் கேள்வியுற்றுக் களம்புகுந்து தேடிய முதியவளைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாடலை இஃது நினைவூட்டும். ஆனால் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிலோக்கசு என்னும் கிரேக்கப் போர்வீரனாகிய புலவனோ, தன் கேடயத்தைப் புதரோரம் எறிந்துவிட்டு உயிர்தப்பியதையும், வேறொரு கேடயம் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் நாணாது பாடினான். ஒரு பண்பாட்டினுள்ளேயே வீரத்தைப் பற்றிய வழக்காடல் இடையறாது நிகழ்ந்துகொண்டிருக்கும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

வெண்ணியும் நடுகல்லும்

தோற்றவனை நோக்கும் நோக்கிற்குச் சங்க இலக்கியம் தரும் சான்று வெண்ணிப் போராகும். சோழன் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் இன்று கோயில்வெண்ணி எனப்படும் ஊரில் அப்போர் நிகழ்ந்தது. கரிகாலன் வென்றான். சேரனின் மார்பில் தைத்த படைக்கலம் முதுகையும் ஊடுருவிப் புண்படுத்தியது. முதுகிற் புண் என்பது புறங்கொடுத்தவனின் அடையாளமாகிவிடும் என நாணிய சேரன், வாளொடு வடக்கிருந்து உயிர்நீத்தான்.

அவ்வூரினரான வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வென்ற சோழனையே முன்னிலைப்படுத்திப் பாடினார். அவன் வெற்றியை மறுக்காது, வெற்றியினும் பெரிய புகழை எய்தியவன் வடக்கிருந்த சேரன் அல்லனோ என்னும் வினாவை அவன்முன் வைத்தார். குயத்தியார் என்னும் பெயர் மட்கலம் வனையும் குடியைக் குறிப்பது. எளிய குடியிற் பிறந்த பெண்ணொருத்தி, வெற்றிக் களிப்பில் இருந்த வேந்தனை நோக்கித் தோற்ற பகைவனே நின்னினும் நல்லன் எனக் கூறவும், அப்பாடல் தொகுக்கப்பெற்று இன்றளவும் நின்று நிலவவும் இடந்தந்த சமுதாயத்தின் பெருந்தன்மை சிறிதன்று.

பெயரறியாதாரை நோக்கும் நோக்கிற்கு நடுகல் சான்றாகும். கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதலாக, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளாக அவ்வழக்கைத் தொல்காப்பியம் கூறும். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அவன் அரசனல்லன், படைத்தலைவன் எனவும் கூறப்படவில்லை. ஆநிரைப் பூசலொன்றில் உயிர்நீத்த ஊரவன். அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னும் படிக்கப்படுகின்றது.

பல்லவர் காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் குறிப்பிடத்தக்கது. மகேந்திரவர்மன் காலத்தைச் சார்ந்த அக்கல்லில், ஆநிரையின் பொருட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனோடு, கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் அவனது நாயும் வடிக்கப்பட்டுப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தம்மைக் காத்த உயிர் எதுவாயினும் அதற்குக் கல்லெடுத்தல் கடன் என்பது அம்மக்கள் துணிபு போலும். கிரேக்கரும் தம் வீரர் கல்லறைகளிற் படையல் இட்டு வழிபட்டனர். வீரன் என்னும் பொருள்தரும் அவர்தம் சொல், இறந்தபின் வழிபாடு பெறும் மனிதனையும் குறித்தது. ஆயின் ஓமரின் காப்பியத்திற் பெரும்பாலும் அரச குலத்தாரே ஒளிபெறுகின்றனர். தமிழகத்து நடுகல்லோ சிற்றூரின் எளிய மகனையும் தெய்வநிலைக்கு உயர்த்தியது.

தோற்றவனைப் போற்றும் மரபு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. யப்பானியர் மினாமொத்தோ யோசித்சுனே என்னும் படைத்தலைவனைப் பெரிதும் நேசிப்பர். தன் தமையனின் பொருட்டுப் பல களங்களை வென்ற அவன், அத்தமையனாலேயே வேட்டையாடப்பட்டு 1189ஆம் ஆண்டில் மாண்டான். அரசை நிறுவி வென்ற தமையனினும் வீழ்ந்த தம்பியே நாடகத்திலும் கதையிலும் வாழ்கின்றான். தோற்றவன்பாற் செல்லும் பரிவைக் குறிக்க, அவன் வகித்த பதவியின் பெயரால் அமைந்த தனித்தொடரொன்றே அம்மொழியில் உண்டு. வெண்ணியில் ஒரு புலவர் கேட்ட வினா, யப்பானில் ஒரு நாட்டின் பொதுவுணர்ச்சியாயிற்று எனலாம்.

சைவம் தந்த புதுப்பொருள்

புறப்பொருள் வீரம் உயிர் கொடுத்தலையும் உயிர் கொள்ளுதலையும் ஒருங்கே போற்றியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணம் அவ்வீரத்தின் உருவை வைத்துக்கொண்டு அதன் உயிரை மாற்றியது. அடியாருள் அரசரும் படைஞரும் பலர். அவர்தம் வீரம் வெளிப்படும் இடந்தான் வேறு.

எயினனூரில் வாழ்ந்த ஏனாதிநாதர் வாள்வித்தை கற்பிக்கும் ஆசிரியர். அவர்பால் அழுக்காறு கொண்ட அதிசூரன் படையோடு வந்து தோற்றோடினான். பின்னர்த் தனிப்போருக்கு அழைத்து, நெற்றியில் திருநீறு பூசி அதனைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, நெருங்கிய வேளையிற் கேடயத்தை விலக்கிக் காட்டினான். திருநீறு கண்ட நாயனார் அவனை எதிர்த்தல் தகாது எனத் துணிந்தார். வாளையும் கேடயத்தையும் கீழே எறிந்துவிட நினைத்தவர், அவ்வாறு செய்யின் படையற்றவனைக் கொன்ற பழி அவனைச் சேருமே என எண்ணி, போர்புரிவார் போல அவற்றை ஏந்தியவாறே நின்று உயிர்கொடுத்தார். தன்னைக் கொல்பவனுக்குப் பழி வாராமற் காத்தலே ஈண்டு வீரத்தின் எல்லையாயிற்று.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறும் அத்தகையதே. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் அடியார் வேடம் புனைந்து, சுவடிக்குள்ளே கத்தியை மறைத்து வந்து அவரைக் குத்தினான். பாய்ந்து வந்த மெய்காவலனாகிய தத்தனைத் தடுத்த நாயனார், கொலைஞனை ஊரெல்லை கடக்கும்வரை இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். அவன் சேமமாகச் சென்றான் என்னும் செய்தி கேட்கும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்த அட்ட வீரட்டானங்களுள் ஒன்று திருக்கோவலூர். இறைவன் அந்தகாசுரனை அடக்கிய அத்தலத்திலேயே, அவன் அடியார் தம்மைக் கொன்றவனைக் காத்து வீரராயினார். ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனநடையில் எழுதி வெளியிட்டதன் பயனாக, இவ்வரலாறுகள் ஈழத்துச் சைவப் பிள்ளைகளுக்குப் பாடமாயின.

எல்லாளனும் துட்டகைமுனுவும்

இலங்கை வரலாற்றில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புவது எல்லாளன், துட்டகைமுனு என்னும் இருவரின் வரலாறாகும். துட்டகைமுனு கி.மு. இரண்டாம் நூற்றாண்டினன். அவன் போரை விரிவாகப் பாடும் மகாவம்சமோ ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்துப் பௌத்த தேரர் ஒருவரால் பாளிமொழியில் இயற்றப்பட்டது. அந்நூலுக்குக் காப்பியத் தலைவன் துட்டகைமுனு. சோழநாட்டிலிருந்து வந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் அவன் பகைவன். எனினும் நட்டார்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி வழங்கியவன் என்றும், ஆராய்ச்சி மணி கட்டி முறைசெய்தவன் என்றும், கன்றின் மீது தேரைச் செலுத்திய தன் மகனுக்கே கொலைத்தண்டம் விதித்தவன் என்றும் அந்நூலே அவனைப் புகழ்கின்றது.

அநுராதபுரத்தின் தெற்கு வாயிலருகே இருவரும் யானைமீதிருந்து தனித்துப் பொருதனர். எல்லாளன் வீழ்ந்தான். துட்டகைமுனு அவனுக்கு முறைப்படி ஈமக்கடன் ஆற்றி, அவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாட்டிற்கும் ஒழுங்கு செய்தான். அவ்விடத்தை அணுகும்போது இலங்கை அரசர் தம் வாத்தியங்களை நிறுத்திச் செல்வர் என மகாவம்சம் கூறும். இவ்வழக்கம் ஏட்டளவில் நின்றதன்று. 1818ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கெதிரான கிளர்ச்சி தோல்வியுற்று ஓடிச்சென்ற கண்டிப் பிரதானியாகிய பிலிமத்தலாவை, உயிருக்கு அஞ்சிய அந்நிலையிலும், அச்சின்னத்தைக் கடந்துவிட்டதாக உறுதிப்படும்வரை சிவிகையினின்று இறங்கி நடந்தே சென்றான் என ஆங்கிலேயர் பதிந்துள்ளனர். எல்லாளன் சமாதி என மக்கள் கருதிய மேடு உண்மையில் தக்கிண தூபமே எனத் தொல்லியலறிஞர் பரணவிதான பிற்காலத்தில் அடையாளங்கண்டார். இடம் எதுவாயினும், இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பகைமன்னன் ஒருவனுக்கு மரியாதை செய்துவந்த மக்களின் உணர்ச்சி மெய்யானதே.

அதே மகாவம்சத்தில் வேறொரு செய்தியும் உண்டு. வெற்றிக்குப் பின் துட்டகைமுனு மகிழ்ச்சியின்றி இருந்தான். எண்ணிறந்தோர் தன்னால் மாண்டனரே என வருந்தினான். அவன் உள்ளத்தை ஆற்றும்பொருட்டுப் பியங்குதீபத்திலிருந்து அருகதர் எண்மர் வந்தனர் என்றும், மாண்டோருள் மனிதர் எனத்தக்கோர் ஒன்றரைப் பேரே, ஏனையோர் விலங்கொப்பர் எனக் கூறித் தேற்றினர் என்றும் அந்நூல் உரைக்கும். புத்தநெறியிற் சரண்புகுந்தவன் அரை மனிதனாகவும், ஐந்து சீலங்களையும் மேற்கொண்டவன் முழு மனிதனாகவும் எண்ணப்பட்டான். பியங்குதீபம் என்பது தீவகத்துப் புங்குடுதீவே எனக் கருதும் ஆய்வாளரும் உளர். அக்கருத்துப் பொருந்துமாயின், மன்னனைத் தேற்றச் சென்ற துறவியர் இத்தீவுகளினின்று புறப்பட்டவராவர்.

பகைவரின் அரசனுக்குச் சின்னம் எடுத்த நூலே, பகைவரின் படைஞரை மனிதக் கணக்கினின்று நீக்கியும் வைத்தது. பகைவன் என்னும் கட்டளைக்கல்லில் அது பொன்னெனத் தோன்றுகின்றது. பெயரறியாதார் என்னும் கட்டளைக்கல்லில் மாற்றுக் குறைகின்றது. சிங்கள அறிஞரும் பௌத்தத் துறவியுமாகிய வல்பொல இராகுல தேரர், 1956இல் வெளியான இலங்கைப் பௌத்த வரலாறு பற்றிய தம் நூலில், இத்தகைய தேறுதல் புத்தர் பெருமானின் போதனைக்கு முற்றும் மாறானது என்பதை மறைக்காது எழுதினார். தன் மரபின் வீரகாவியத்தைத் தானே உரைத்துப் பார்க்கும் இத்துணிவும் ஒருவகை வீரமே. களத்தில் வேண்டப்படும் தறுகண் கல்வியிலும் வேண்டப்படும் என்பதனை அஃது உணர்த்துகின்றது.

யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரும்

போர்த்துக்கேயரின் வீரன், அறியாக் கடலைக் கடந்து தன் அரசையும் சமயத்தையும் பரப்புபவன். 1572இல் வெளியான கமோயின்சின் காப்பியம் வாசுகோ ட காமாவின் பயணத்தை முன்னிட்டுப் போர்த்துக்கேய இனம் முழுவதையுமே வீரனாகப் பாடுவது. அதன் முதற் செய்யுளிலேயே தப்பிரபேன் என இலங்கை பெயர் சுட்டப்படுகின்றது. அத்தீவுக்கும் அப்பாற் சென்றமை அவர்க்கு வீரத்தின் அளவுகோலாயிற்று. அக்கடலின் இக்கரையில் இருந்தோர்க்கோ அதே கப்பல்கள் வேறு பொருள் தந்தன.

1560ஆம் ஆண்டில் கோவாவின் அரசப் பிரதிநிதியாகிய கொன்சுதந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து நல்லூரைக் கைக்கொண்டான். அப்படையெடுப்பிற் கிடைத்த பல்லொன்றைப் புத்தரின் புனித தந்தம் எனக் கருதிய பெகு நாட்டு மன்னன், அதற்குப் பெரும்பொருள் தர முன்வந்தான். பொருட்குறை மிக்கிருந்தும் பிரகன்சா அதனை மறுத்தான். கோவாவிற் பலரறிய அது பொடியாக்கி எரிக்கப்பட்டது. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் இதனைப் பொருளாசையை வென்ற சமய வீரமாகப் புகழ்ந்தனர். பௌத்த உலகம் அதனைக் கொடும் பழியாகக் கண்டது. எரிந்தது உண்மைத் தந்தமன்று என்பது சிங்கள மக்களின் உறுதி. செயல் ஒன்று, அதனை அளந்த கோல் இரண்டு.

சங்கிலி மன்னனின் நிலையும் இதுவே. 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி, 1544ஆம் ஆண்டில் மன்னாரிற் புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய தன் குடிகளைக் கொல்வித்தான். மாண்டோர் ஏறத்தாழ அறுநூறுபேர் என்பது மரபு. முத்துக்குளிப்புக் கரையிற் பரதவர் மதம்மாறிப் போர்த்துக்கேய மன்னனின் குடிகளாயினமையை அறிந்த அவன், மன்னாரும் அவ்வாறே கைநழுவும் என அஞ்சினான். அவ்வச்சத்திற்கு அரசியற் காரணம் இருந்தது. எனினும் கொல்லப்பட்டோர் படைஞரல்லர். கத்தோலிக்கர்க்கு அவர்கள் மறைசாட்சிகள், சங்கிலி கொடுங்கோலன். பிற்காலத் தமிழர் பலர்க்கோ சங்கிலி அந்நியருக்குத் தலைவணங்காத வீரன்.

1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய இரண்டாம் சங்கிலி, 1619இற் பிலிப்பு த ஒலிவேராவின் படையால் தோற்கடிக்கப்பட்டு, கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அவனோடு யாழ்ப்பாண அரசும் முடிந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவனாகவே மயங்கக் கூறுகின்றது. தமிழில் எழுந்த அந்நூல் சங்கிலியை முழுவதும் புகழவுமில்லை. அவன் கொடுமைகளையும் ஒளிக்காது கூறுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சங்கிலியை நாடகத் தலைவனாக்கினார். 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் அவனுக்குச் சிலை எழுந்தது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவன் ஐயத்தோடு நோக்கிய மன்னனை, இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் குதிரைமீது ஏற்றிவைத்தனர். மன்னன் மாறவில்லை, காலத்தின் தேவை மாறியது.

பூதத்தம்பியின் கதையிலும் இதே நெறி காணப்படும். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை மீளப் போர்த்துக்கேயர் பக்கம் திருப்பச் சூழ்ச்சி நடந்ததெனக் கண்டு ஒல்லாந்தர் பலரைத் தண்டித்தனர். அவர்களுக்கு அது அரசத் துரோகம். யாழ்ப்பாணத்துக் கதையிலோ பூதத்தம்பி குற்றமற்றவன். அவன் மனைவி அழகவல்லியை விரும்பி அவமதிப்புற்ற அந்திராசி என்பவன் பழிதீர்க்க எண்ணிப் புனைந்த பொய்க்குற்றத்தால் மாண்டவன். நீதிமன்றில் தோற்றவனுக்கு மக்கள் மன்றம் நாடகமேடையில் நீதி வழங்கியது. ஆவணத்தையும் கதையையும் ஒருங்கே வைத்து ஆராய்வது வரலாற்று மாணாக்கரின் கடமை. ஆவணம் எழுதியவர் ஆட்சியாளர் என்பதையும், கதை கூறியவர் ஆளப்பட்டோர் என்பதையும் மறத்தலாகாது.

ஆராய்ச்சியின் முடிவு

இதுகாறும் நோக்கியவற்றால் வீரம் என்பது வெறுங் கற்பனை என்றோ, எல்லாச் செயலும் ஒரு தன்மையனவே என்றோ கொள்ளுதல் ஏலாது. மன்னாரிற் படையின்றி மாண்டோரின் துயரத்தைச் சங்கிலியின் அஞ்சாமை ஈடுசெய்யாது. அவ்வாறே யாழ்ப்பாண அரசு அழிக்கப்பட்ட கொடுமையை மன்னார்ப் பழி நியாயமாக்காது. இரண்டையும் ஒருசேரக் கூறவல்லதே வரலாறு. ஒன்றை மட்டும் கூறுவது புகழ்மாலை அல்லது வசைமாலை.

1983இல் தொடங்கி 2009இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் பின்னர் இலங்கையில் இவ்வாராய்ச்சி ஏட்டுப் பொருளாக மட்டும் நிற்கவில்லை. யாருக்கு நினைவுச் சின்னம் எடுக்கலாம், யாருக்கு விளக்கேற்றி அழலாம் என்பது மக்கள் வாழ்வையே தொடும் வினாவாயிற்று. ஒரு பக்கத்தார் வீரன் என்பவனை மறுபக்கத்தார் வேறு பெயராற் சுட்டுகின்றனர். இதனை எதிர்கொள்ளும் வழி புதிதாகக் காணப்பட வேண்டுவதன்று. பகைவன் சமாதியருகே வாத்தியத்தை நிறுத்திய வழக்கம் சிங்கள மரபில் உண்டு. தோற்ற சேரனே நல்லன் என வென்ற சோழனிடம் கூறிய வாய்மை தமிழ் மரபில் உண்டு. மகனைக் கொன்றவனும் மகனை இழந்தவனும் ஒன்றாயிருந்து அழுத இரவு கிரேக்க மரபில் உண்டு. ஒவ்வொரு மரபும் தன் சிறந்த பகுதியை நினைவுகூருமாயின், மாண்டோரைக் கணக்கிடும்போது ஒன்றரை எனச் சுருக்கும் கணக்கு ஒழியும்.

பெருமிதத்திற்குத் தொல்காப்பியம் வகுத்த நான்கனுள் கல்வி முதலாவதாகவும் கொடை இறுதியாகவும் நிற்கின்றன. தறுகணும் புகழும் அவற்றிடையே அமைகின்றன. கல்வி வழிகாட்டாத தறுகண் மன்னாரில் நிகழ்ந்ததைச் செய்யும். கொடையாய் முடியாத புகழ் கல்லெழுத்தோடு நின்றுவிடும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்கு உணவளித்தார். வாளேந்தாத அவர் வாழ்வில் அந்நான்கும் ஒருங்கே விளங்கின. அவர் வழியில் யாழ்ப்பாணத்து ஊர்தோறும் தீவுதோறும் சைவப் பள்ளிகளை எழுப்பிய ஆசிரியர் பலரின் பெயர் எக்கல்லிலும் இல்லை. எடுத்தனூரில் ஆநிரை காத்தவனோடு அவன் நாய்க்கும் கல்லெடுத்த மரபினர், எழுத்தறிவித்தோரின் பெயர்களைத் தேடித் தொகுத்தலும் நடுகல் எடுத்தலோடு ஒக்கும்.